சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளரை மாற்றுவது சரியா? சென்னையின் எஃப்சியின் அனுபவத்தை வைத்து ஒரு கேள்வி

கேள்வி: நீலக்கொடி

அனைவருக்கும் வணக்கம். எனக்கும் என் அண்ணனுக்கும் ஐந்தாறு ஆண்டுகளாகத் தீராத ஒரு வாதம் இது. இங்கே விவரம் அறிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

2018-19 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்சி அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே எடுத்து, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. வெற்றி இரண்டு, டிரா மூன்று, தோல்வி பதின்மூன்று. அதற்கு முந்தைய சீசனில், அதாவது 2018 மார்ச்சில், பெங்களூருவை அவர்களுடைய ஊரிலேயே 3-2 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்த ஜான் கிரிகரிதான் அப்போதும் தலைமைப் பயிற்சியாளர். அத்தனை தோல்விகளுக்குப் பிறகும் நிர்வாகம் அவரை மாற்றவில்லை. அடுத்த சீசனையும் அவரே தொடங்கினார். முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை; ஆறு ஆட்டங்களின் முடிவில் கையில் இருந்தவை 5 புள்ளிகள். 2019 நவம்பர் இறுதியில் அவர் விலகினார், டிசம்பரில் ஓவன் கோயல் வந்தார், 2020 மார்ச்சில் அதே அணி இறுதிப் போட்டியில் நின்றது.

"2018 டிசம்பரிலேயே மாற்றியிருந்தால் ஒரு சீசன் வீணாகியிருக்காது" என்பது அண்ணனின் கட்சி. கோப்பை வென்று கொடுத்தவருக்கு ஒரு மோசமான சீசனைப் பொறுத்துக்கொள்ளும் கடமை கிளப்புக்கு உண்டு என்பது என் கட்சி. 2024-25 சீசனில் அதே கோயலின் கீழ் அணி பதினொன்றாவதாக முடித்தபோது இந்த வாதம் எங்கள் வீட்டில் மறுபடி தொடங்கியது. ஏனென்றால் அந்த முறையும் நிர்வாகம் சீசன் முடியும் வரை காத்திருந்தது.

புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து ஒருவரை மாற்றிவிடலாமா? இல்லையென்றால், வேறு எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்?

பதில் 1: கிழக்கு கேலரி

தம்பி, 2019 நவம்பர் 25 அன்று ஹைதராபாத் அணியுடன் நடந்த ஆட்டத்தை நேரு ஸ்டேடியத்தில் இருந்து பார்த்தவன் நான். 90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த குடும்பம் சென்ட்ரலில் மின்சார ரயிலைப் பிடிப்பதற்காக எழுந்து படியிறங்கிக்கொண்டிருந்தது. இஞ்சுரி டைமில் ஷெம்ப்ரி கோல் அடித்தார். அந்தக் குடும்பம் படியிலேயே நின்றுவிட்டது. உடனே ஹைதராபாத் சமன் செய்தது, அடுத்த நிமிடமே வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலை அடித்தார். மூன்று கோல்களும் இஞ்சுரி டைமில் விழுந்த ஆட்டம் அது. நாங்கள் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினோம் என்றாலும், வீட்டுக்குத் திரும்பும்போது என் மனத்தில் நின்றது அதற்கு முந்தைய 90 நிமிடங்கள்தான். பந்து நடுக்களத்தைத் தாண்டியதும் யார் எங்கே ஓட வேண்டும் என்பதே ஆட்டக்காரர்களுக்குத் தெளிவாக இல்லை. ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார், மற்றவர்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கோயல் வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள், அது உண்மையில்லை. முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரில் 1-1 டிரா. கேரளாவை இங்கே 3-1 என்று வென்றோம். அடுத்து கோவாவிடம் சொந்த மைதானத்தில் 3-4, ஒடிசாவிடம் அவர்கள் ஊரில் 0-2 என்று இரண்டு தோல்விகள். 2020 ஜனவரி முதல் வாரத்தில் நம்மிடம் இருந்தவை பத்து ஆட்டங்களில் 9 புள்ளிகள். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறவர் அன்று கோயலையும் மாற்றச் சொல்லியிருப்பார். ஆனால் கோவாவுடனான அந்த 3-4 ஆட்டத்தைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். தோற்ற அணியைப் போல நம்மவர்கள் ஆடவே இல்லை. நடுக்களத்தில் தாப்பாவும் நம் எட்வினும் நிலையாக நிற்க, அவர்களுக்கு முன்னால் கிரிவெல்லாரோ தன் விருப்பப்படி நடமாட, பக்கவாட்டில் சாங்தே ஓடிய ஓட்டத்துக்கு முதல் முறையாகப் பந்து வந்து சேர்ந்தது.

அதன் பிறகு லீக்கின் கடைசி எட்டு ஆட்டங்களில் தோல்வியே இல்லை. ஆறு வெற்றி, இரண்டு டிரா. கொச்சியில் 6-3 என்று வென்ற இரவை நான் மறக்கவே மாட்டேன். 29 புள்ளிகளோடு நான்காவது இடம், அதனால் கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றில் இடம்.

உன் அண்ணனுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி மூவரும் கிரிகரி இருந்தபோதே, 2019 கோடையில் வந்தவர்கள். கோயல் புதிதாகச் செய்தது அவர்களை அடுக்கிய விதம். 2018-19 அணியில் அப்படி அடுக்குவதற்கு ஆட்களே இல்லை. அந்த டிசம்பரில் யாரைக் கொண்டுவந்திருந்தாலும் பத்தாவது இடம் எட்டாவது ஆகியிருக்கலாம், அவ்வளவுதான்.

பதில் 2: பந்தும் கணக்கும்

முந்தைய பதிலில் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. பயிற்சியாளரை எப்போது மாற்றுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அணி அதன் இயல்பான தரத்துக்கும் கீழே விழுந்து கிடக்கும் நேரத்தில்தான் மாற்றுகிறார்கள். அடிமட்டத்தில் இருக்கும் அணி, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும், ஓரளவு மேலே வரத்தான் செய்யும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் சில உள்ளே போகத் தொடங்கும், காயம்பட்டவர்கள் திரும்புவார்கள். அந்த இயல்பான மீட்சியைப் புதிதாக வந்தவரின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நெதர்லாந்தின் முதல்நிலை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகளையும், அதே போன்ற சரிவைச் சந்தித்தும் நீக்காத அணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நீக்கிய அணிகள் மீண்டன என்பது உண்மை. நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு மீண்டன என்பதும் உண்மை. இதைப் படித்த பிறகு, "புது ஆள் வந்தார், உடனே வென்றோம்" என்ற பேச்சை நான் எளிதில் ஏற்பதில்லை. 2017 பிப்ரவரியில், இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டம் வென்று கொடுத்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்த பயிற்சியாளர் ரானியேரியை நீக்கினார்கள். பொறுப்பேற்ற கிரெய்க் ஷேக்ஸ்பியர் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களை வென்றார், அணி பன்னிரண்டாவதாக முடித்துத் தப்பியது. அந்த அக்டோபரிலேயே அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

இருந்தாலும் சென்னையின் கதையை வெறும் இயல்பு மீட்சி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. முதல் ஆறு ஆட்டங்களில் 4 கோல் அடித்த அணி, அடுத்த பன்னிரண்டில் 28 கோல் அடித்தது. ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோல்கூட இல்லாத நிலையிலிருந்து இரண்டுக்கும் மேல் என்பது அதிர்ஷ்டம் திரும்பியதால் மட்டும் வரக்கூடிய வித்தியாசம் இல்லை. வாங்கிய கோல்களையும் பாருங்கள்: முன்பு ஆறில் 10, பிறகு பன்னிரண்டில் 16. பின்வரிசையில் ஓரளவுதான் முன்னேற்றம், முன்வரிசையில் பெரிய மாற்றம்.

ஆகவே நீலக்கொடி கேட்டதற்கு என் பதில் இது: தோல்விகளை எண்ண வேண்டாம், வாய்ப்புகளை எண்ணுங்கள். அணி வாய்ப்புகளை உருவாக்கியும் கோல் விழவில்லை என்றால் காத்திருக்கலாம். வாய்ப்பே உருவாகவில்லை, உருவாக்கக்கூடிய ஆட்கள் அணியில் இருக்கிறார்கள் என்றால் காத்திருப்பதில் பொருளில்லை.

பதில் 3: மஞ்சள்படை கோவை

நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். கொச்சியில் அந்த 6-3 ஆட்டத்தை எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்து வேதனைப்பட்டவன்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருக்கிறது: மாற்றினால் வருபவர் யார்? 2024 டிசம்பரில் எங்கள் நிர்வாகம் மிக்கேல் ஸ்டாரேவை 12 ஆட்டங்களுக்குப் பிறகு அனுப்பியது. அடுத்தவர் யார் என்று முடிவு செய்யாமலே அனுப்பிவிட்டார்கள். டி. ஜி. புருஷோத்தமன் இடைக்காலப் பொறுப்பில் தன்னால் முடிந்ததைச் செய்தார், அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் எட்டாவதாக முடித்து பிளே-ஆஃபைத் தவறவிட்டோம்.

மோகன் பகானைப் பாருங்கள். 2024 ஜனவரியில் ஹுவான் ஃபெராண்டோவை நீக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்த அன்டோனியோ ஹபாஸ் ஏற்கெனவே அந்தக் கிளப்பிலேயே வேறு பொறுப்பில் இருந்தவர், ஆட்டக்காரர்களை அறிந்தவர், இந்தியாவில் கோப்பை வென்றவர். 2020 இறுதிப் போட்டியில் சென்னையை 3-1 என்று வென்ற ஏடிகே அணியின் பயிற்சியாளரும் அவரேதான். அந்த ஏப்ரலில் மோகன் பகான் முதன்முறையாக லீக் ஷீல்டை (புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான விருதை) வென்றது. ஆள் தயாராக இருக்கும்போது மாற்றுவது வேறு, ரசிகர்களின் கோபத்தைத் தணிக்க மாற்றுவது வேறு. உங்கள் கிளப்பே 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் பாண்டோவிச்சை அனுப்பி, மிச்ச ஆட்டங்களை சபீர் பாஷாவிடம் ஒப்படைத்தது. எட்டாவது இடம்தான் கிடைத்தது.

பதில் 4: பழைய ஹாஃப் பேக்

நான் சென்னையில் கீழ்நிலை டிவிஷன் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவன். அணியின் பெயர் வேண்டாம். ஒரு வருடம் எங்கள் தலைமைப் பயிற்சியாளரை சீசன் நடுவே நீக்கினார்கள். காலைப் பயிற்சிக்கு அவர் கோன்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் சொன்னார்கள். அவர் மீதிக் கோன்களையும் அடுக்கி முடித்து, விசிலை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது வருடங்களாகக் கால்பந்தோடு வாழ்ந்த மனிதரிடம் அப்படி நடந்துகொண்டதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றுவது நிர்வாகத்தின் உரிமைதான், ஆனால் நேரில் அழைத்துச் சொல்லியிருக்கலாம்.

அடுத்த நாள் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதுவரை பெஞ்சில் இருந்த நான்கு பேர் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்கள். வழக்கமாக ஆடுகிறவர்களும் தங்கள் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில் கூடுதலாக ஓடினார்கள். புது ஆள் வந்ததும் அணி வெல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். அந்தச் சூடு மூன்று வாரம் தாங்கும். அதற்குள் அணிக்குச் சொல்லித்தர ஏதாவது இருந்தால் பிழைக்கலாம், எங்களிடம் இல்லை.

சீசன் நடுவே ஒரு பயிற்சியாளரால் எதை மாற்ற முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். யார் எங்கே நிற்பது, கார்னருக்கு யார் யாரைப் பிடிப்பது, பந்தை இழந்ததும் எத்தனை பேர் திரும்பி ஓடுவது ஆகியவற்றைப் பத்து நாளில் மாற்றலாம். உடல் தகுதியை மாற்ற முடியாது, அது சீசனுக்கு முந்தைய ஆறு வாரங்களில் முடிந்துபோன காரியம். கடைசி இருபது நிமிடங்களில் மூச்சு வாங்கித் தோற்கும் அணிக்குப் புதுப் பயிற்சியாளர் மருந்தில்லை.

கோயலுக்கு வாய்த்த இன்னொன்றும் உண்டு. கிரிகரியின் கடைசி ஆட்டம் நவம்பர் 28, கோயலின் முதல் ஆட்டம் டிசம்பர் 9, அடுத்தது டிசம்பர் 20. ஆட்டங்களுக்கு நடுவே பதினோரு பதினோரு நாள் இடைவெளி கிடைத்தது. மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்றிருந்தால் பயிற்சி மைதானத்தில் எதையும் சொல்லித்தர நேரமே இருந்திருக்காது. மாற்றுவதாக இருந்தால் அட்டவணையில் அப்படி ஒரு இடைவெளி எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

நீலக்கொடி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. கிழக்கு கேலரி அண்ணா சொன்ன பத்து ஆட்டங்களில் 9 புள்ளிகள் என்ற கணக்கை அண்ணனிடம் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒரு முழு சீசனில் எடுத்த அதே 9" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

என் பக்கத்திலும் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். கோப்பை வென்று கொடுத்தவரிடம் காட்ட வேண்டிய நன்றியையும் அவரைப் பொறுப்பில் வைத்திருப்பதையும் நான் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். பழைய ஹாஃப் பேக் ஐயா சொன்ன விசில் சம்பவத்தைப் படித்தபோதுதான் இரண்டும் வேறு என்று புரிந்தது. நன்றியைக் காட்ட வேண்டிய இடம் அனுப்பும் விதம்.

ஐஎஸ்எல்லில் அந்த சீசன்களில் கீழ் லீக்குக்கு இறக்கப்படும் பயமில்லாமல் ஆடியதால், காத்திருப்பதில் கிளப்புக்குப் பெரிய நஷ்டம் இருக்கவில்லை என்பதையும் நான் யோசிக்கிறேன். லெஸ்டருக்கு 2017இல் அந்த வசதி இல்லை. 2024-25 சீசனைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. அந்த ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள், அணி வாய்ப்புகளை உருவாக்கித் தவறவிட்டதா, உருவாக்கவே இல்லையா என்று எழுதினால் அண்ணனுக்கும் எனக்கும் உதவியாக இருக்கும்.

கிழக்கு கேலரி

பாதி ஆட்டங்களுக்குத்தான் போனேன் தம்பி. நான் பார்த்தவரையில் வாய்ப்புகள் வந்துகொண்டுதான் இருந்தன. நம் கோல் பகுதியில் நாமே செய்த தவறுகளால்தான் புள்ளிகளை இழந்தோம். நடுவில் மாற்றியிருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. டிக்கெட்டுகளின் பின்பக்கம் குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் தேடி எடுத்து, ஆட்டம் ஆட்டமாக எழுதுகிறேன்.