பரணில் கிடந்த கல்யாணக் கேசட்டை டிஸ்க்கில் ஏற்றிய கதை – உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மண்டபத்துக்காரன்:

எங்கள் அக்கா கல்யாணம் 1994இல் நடந்தது. அதன் வீடியோ கேசட் இரண்டு, பரணில் அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் பட்டு வேட்டிக்கு அடியில் கிடந்தன. போன வருஷம் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்தது. "அம்மா கல்யாணத்த நான் பாக்கணும் மாமா" என்று அவள் பிடித்த பிடியில்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் ஒருவர் துபாயிலிருந்து அந்தக் காலத்தில் கொண்டுவந்த டெக்கை, அதாவது கேசட் ஓட்டுகிற விசிஆரைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக முதல் கேசட்டை உள்ளே தள்ளினேன். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுருளின் ஓரத்தில் மாவு தூவின மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. தூசி என்று நினைத்துவிட்டேன். பிள்ளையார் படமும் மணமக்கள் பெயரும் வந்தன, ஒரு நிமிஷம் மேளம் கேட்டது, அப்புறம் திரை முழுக்கப் புள்ளிமழை. சரி, இந்தக் கேசட் போய்விட்டது என்று இரண்டாவதைப் போட்டால் அதிலும் புள்ளிமழை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

கேசட் போகவில்லை. போனது டெக்கின் ஹெட், டேப்பிலிருந்து படத்தைப் படிக்கிற பாகம். அந்த வெள்ளை மாவு பூசணம். நம் கடற்கரை வீடுகளில் பீரோ சாவியே துருப்பிடிக்கிறது, டேப் மட்டும் தப்புமா? சுற்றும் உருளையில் இருக்கிற ஹெட்டின் இடைவெளி கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. பூசணம் அதில் அப்பிக்கொண்டால் நல்ல கேசட்டும் படம் காட்டாது. அது மட்டுமல்ல, அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பூசணத்தை ஒட்டவிடும். அன்றைக்கு நான் செய்தது அதுதான்.

டெக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைக் கழற்றினேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துணியை உருளையின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்றினேன். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் ஒடிந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுக்கவே கூடாது, பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். துணியில் பழுப்பாகக் கறை இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது.

கேசட் இரண்டையும் மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு 10 நாள் வைத்தேன். ஈரம் போனால் பூசணம் பொடியாகி உதிரும். கேசட்டின் அடியில் 5 திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, சுருளின் ஓரத்தை முற்றத்தில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு துடைத்தேன். வீட்டுக்குள் செய்யாதீர்கள், அந்தப் பொடி நெஞ்சுக்கு ஆகாது. பிறகு வேறொரு பழைய கேசட்டின் கூட்டை எடுத்து அதற்குள் சுருளை மாற்றிப் போட்டேன்.

அப்புறம் கம்ப்யூட்டர் வேலை. டெக்கின் பின்னால் படத்துக்கு ஒரு மஞ்சள் துளை, சத்தத்துக்கு ஒரு வெள்ளைத் துளை. ரெண்டையும் யூஎஸ்பி கேப்சர் குச்சியில் செருகி, அதை லேப்டாப்பில் மாட்டினேன். படம் கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் பயந்துபோய்ப் பார்த்தால், மென்பொருளில் என்டிஎஸ்சி என்று இருந்தது, அது அமெரிக்க வீடியோ முறை. நம் நாட்டுக் கேசட் பிஏஎல் முறை. அதை மாற்றி, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்ததும் அக்காவின் கூறைப்புடவைக்கு அரக்குச் சிவப்பு வந்தது.

3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். வேகமாக ஓட்டி ஏற்ற வழியே இல்லை. நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் தாங்கியது, டெக் நின்றுவிட்டது. மூன்றாம் முறை இரவு 11 மணிக்கு மேல் ஆரம்பித்து முடித்தேன்.

முதல் கேசட் முழுக்க மிக்ஸிங், அதாவது எடுத்த படத்தோடு பாட்டும் வித்தைக் காட்சிகளும் சேர்த்தது. தாலி கட்டும்போது ரோஜாப்பூ சுழலுகிறது, இதயத்துக்குள் அத்தான் முகம் வருகிறது. ஆனால் யார் குரலும் இல்லை, எல்லாம் சினிமாப் பாட்டு. தாத்தா மைக் பிடித்து ஏதோ பேசுகிறார், வாய் மட்டும் அசைகிறது. வீடியோக்காரர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

இரண்டாவது கேசட்டுக்கு மிக்ஸிங் காசு பேசவில்லையாம், எடுத்ததை அப்படியே கொடுத்துவிட்டார். அத்தான் ராமேஸ்வரத்துக்காரர். பஸ் பாலம் 1988லேயே திறந்துவிட்டார்கள், இருந்தாலும் தாத்தாவுக்கு ரயில்தான் ராசி. பொண்ணு மாப்பிள்ளையோடு முப்பது பேர் மண்டபம் ஸ்டேஷனில் ஏறி, பாம்பன் பாலத்தைக் கடக்கிறோம். 2007இல் அகலப்பாதை வருவதற்கு முந்தைய மீட்டர்கேஜ் வண்டி அது. வீடியோக்காரர் வாசற்படியில் நின்று கேமராவைக் கீழே சாய்க்கிறார். தண்ணீர், தூண், ஒரு வத்தைப் படகு, மறுபடி தண்ணீர். காற்று மைக்கில் புகுந்து படபடவென்று அடிக்கிறது. சித்தப்பா மாலைகள் பறக்காமல் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். காற்றுச் சத்தத்துக்கு நடுவே தாத்தா குரல்: "ஏ, பொண்ணுக்குத் தண்ணி குடுத்தீங்களா, இல்லையா?" அவ்வளவுதான். அந்த ஒரு வரிதான் தாத்தா குரலாக எங்களிடம் மிச்சம்.

டிவிடியில் ஏற்றும்போது ஒரு விஷயம். 4.7 ஜிபி டிஸ்க்கில் 3 மணி நேரத்தைத் திணித்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். ஒன்றரை மணி நேரமாகப் பிரித்து இரண்டு டிஸ்க் போட்டேன். ஃபைலை வெறுமனே காப்பி செய்து எழுதினால் பழைய பிளேயரில் ஓடாது, டிவிடி வீடியோவாக மாற்றித்தான் எழுத வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்த ரிமோட் அந்த பிளேயருடையதுதான், அதனால் இவ்வளவு பாடு. கேப்சர் செய்த மூல ஃபைலைத் தனியாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் பார்க்கும்போது படத்தின் அடியில் ஒரு கோடு நெளிந்துகொண்டே இருக்கும். பழுது என்று நினைக்காதீர்கள். எல்லாக் கேசட்டிலும் உண்டு, பழைய டிவி அந்த ஓரத்தை மறைத்துவிடும்.

கீழக்கரை ராத்தாவின் தம்பி:

பூசணத்தை விடுங்கள், எங்கள் கேசட்டுக்கு வந்த பூசணம் நானேதான்.

ராத்தா நிக்காஹ் கேசட். மச்சான் சவூதியில் இருந்ததால் ஒரு பிரதி அங்கே போனது, ஒன்று வீட்டில் இருந்தது. அழியாமல் இருக்கட்டும் என்று வாப்பா அதன் முதுகில் இருக்கிற சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்து வைத்திருந்தார். பல் இல்லாவிட்டால் டெக் பதிவு செய்யாது. அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் பதிவு செய்யும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மாடியில் ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பினால் இலங்கைச் சேனல் தண்ணீர் மாதிரி விழும். 1996 மார்ச் 17, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கைக்கு அகப்பட்ட கேசட் அதுதான்.

போன மாதம் லேப்டாப்பில் ஏற்றும்போது குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. உம்மா தொதல் வெட்டி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது, பெரியவர்கள் உட்காருகிறார்கள், படம் ஒரு வெட்டு வெட்டுகிறது, அரவிந்த டி சில்வா கவர் பக்கம் அடிக்கிறார். சிங்களத்தில் வர்ணனை. ராத்தா பேரன் எடுத்த அளவுக்கு வளர்ந்தும் என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஆட்டம் முடிந்த பிறகு கடைசியில் 20 நிமிஷம் பந்தி மட்டும் தப்பியிருந்தது. சவூதிக்குப் போன பிரதியை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

மேலே சொன்ன என்டிஎஸ்சி விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் இருக்கிற சாச்சா மகன் அனுப்பிய கேசட் நிஜமாகவே என்டிஎஸ்சி. அதை பிஏஎல் மட்டும் ஓட்டுகிற டெக்கில் போட்டுப் பயனில்லை, இரண்டும் ஓட்டுகிற டெக் வேண்டும். வளைகுடாவில் விற்ற டெக்குகள் நிறைய அந்த வகை.

முன்னாள் வீடியோக்காரர், ராமநாதபுரம்:

மண்டபத்துத் தம்பி வீடியோக்காரர்மேல் கோபப்பட்டதால் எழுதுகிறேன். உங்கள் கல்யாணத்தை எடுத்தவன் நான் இல்லை, ஆனால் நானும் அதையேதான் செய்தேன். மண்டபத்தில் மேளம், ஜெனரேட்டர், குழந்தை அழுகை எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். பாட்டு போடாவிட்டால் வீட்டுக்காரர்களே "என்ன, ஒரே இரைச்சல்" என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். கேட்டதைச் செய்தோம்.

இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். தோளில் வைத்து எடுத்த கேமரா கேசட் வேறு, உங்கள் கையில் கொடுத்த கேசட் வேறு. கொடுத்தது மிக்ஸரில் போட்டு எடுத்த இரண்டாம் பிரதி. இந்த விஎச்எஸ் வகைக் கேசட்டில் ஒவ்வொரு பிரதிக்கும் நிறம் வழியும், முகம் மங்கும். கேமரா கேசட்டை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு அதிலேயே எடுப்போம், கேசட் விலை அப்படி. அதனால் தாத்தா மைக்கில் பேசியதை இனி யாரிடமும் கேட்டுப் பயனில்லை. மிக்ஸிங் ஆகாத இரண்டாவது கேசட் உங்கள் கையில் இருக்கிறதே, அது அபூர்வம். டிஸ்க் போட்டாயிற்று என்று அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தொண்டியிலிருந்து:

நான் தூக்கிப் போட்டேன். கடையில் கொடுத்து ஆறு டிவிடியாக வாங்கினேன். "கேசட்டை என்ன பண்றது?" என்று கடைக்காரர் கேட்டார், "நீங்களே தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். ஏழு வருஷம் கழித்துப் பார்த்தால் நாலு டிஸ்க் ஓடவில்லை. பின்பக்கம் ஓரமெல்லாம் மங்கலாகிவிட்டது. ஜன்னலோர அலமாரியில் வெயில் படும்படி வைத்ததும் தப்பு. மிச்சம் ரெண்டை அன்றே ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிவிட்டேன்.

மண்டபத்துக்காரன்:

வீடியோக்கார அண்ணே, கோபம் தீர்ந்தது. கேசட் ரெண்டும் பிஸ்கட் டின்னிலேயே இருக்கின்றன, படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன்.

அந்த டெக்கை இரவல் கேட்டு நான்கு பேர் எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். இந்த வாரம் பாம்பனுக்குப் போகிறது, அடுத்து கீழக்கரை, அப்புறம் தேவிபட்டினம். எடுத்துப் போகிறவர்கள் கேசட் ஜன்னலை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆல்கஹால் புட்டியும் தோல் துணியும் டெக் கூடவே ஒரு மஞ்சள் பையில் வரும். துணி ஒன்றுதான் இருக்கிறது, அலசித் திருப்பிக் கொடுங்கள்.