பெண் குழந்தைக்கு ஆச்சி காலத்துப் பெயர் சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அடுத்த வாரம் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறோம். புதுப்பாணிப் பெயர் எதுவும் வேண்டாம், ஆச்சி காலத்துப் பெயர்தான் வேண்டும் என்கிறாள். எனக்கும் அதே ஆசை.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் பக்கம் அம்மன் பெயரைப் பிள்ளைக்கு இடுவது வழக்கம். நெல்லையப்பர் கோயில் காந்திமதி, சங்கரன்கோவில் கோமதி, தென்காசி உலகம்மை, குற்றாலம் குழல்வாய்மொழி. தெருவில் நின்று ‘கோமதி’ என்று கூப்பிட்டால் நான்கு வீட்டிலிருந்து பதில் வந்த காலம் உண்டு.

குழல்வாய்மொழி என்றால் எனக்கு உயிர். ஆனால் மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. அங்கே பள்ளிக்கூடத்தில் ழகரம் படாத பாடு படும் என்று தயங்குகிறார், அதுவும் நியாயம்தான். காந்திமதி எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கிறது. உலகம்மை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, மாப்பிள்ளையின் அம்மாவைத் தவிர.

ழகரம் இல்லாத, சின்னதான பழைய பெயர் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் ஆச்சி, பூட்டி பெயர்களாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. எந்த ஊர் வழக்கு, வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்.