வந்து 11 நாள், பதியக் கடிதம் இல்லை, உதவித்தொகையும் வரவில்லை

களுதாவளைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் ஒரு பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறேன். பொது நிர்வாகத்தில் ஆராய்ச்சிப் பெலோஷிப் கிடைத்து இங்கே வந்து இன்றோடு 11 நாள். நான் அங்கே குடியிருக்கிறேன் என்று அறை தந்தவர் கடிதம் தரமாட்டேன் என்கிறார். கடிதம் இல்லாமல் நகரசபையில் பதிய முடியாதாம். பதியாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாவிட்டால் உதவித்தொகை வராது என்கிறார்கள். கையில் 340 யூரோ மட்டும் மிச்சம். இரண்டு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். நேற்று வீடியோவில் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரவில் தூக்கமே இல்லை. ஊருக்கே கிறுகி வந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

கல்லடிப் பாலம்:
தங்கச்சி, பயப்படாதீங்க. நீங்களும் இங்கே பிரித்தானியாவில்தான் என்று நினைத்துச் சொல்கிறேன். முதலில் ஜீ.பீ. எனும் குடும்ப வைத்தியரிடம் பதியுங்கள், அதற்குக் காசு இல்லை. முழுநேர மாணவர் என்றால் கவுன்சில் வரியும் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஒரு கடிதம் எடுத்துக் கொடுத்தால் போதும். நான் 2009 இல் லண்டன் வந்தபோது ஒரு அறையில் நாலு பேர். என் படுக்கை யன்னலுக்குக் கீழே. விடிய எழும்பினால் தலையணையின் ஒரு பக்கம் ஈரமாக இருக்கும். மூன்று மாதம் சோறும் டின் மீனும்தான். மறுகா எல்லாம் சரிவந்தது. உங்களுக்கும் வரும். நல்ல சப்பாத்து ஒன்று வாங்குங்கள், அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திருக்கோவில் மாமா:
பிள்ளை, எந்த லீவில் போனீர் என்று சொல்லவில்லையே. அதுதான் முக்கியம். 2022 நெருக்கடியில் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவு கொடுத்தார்கள், அதில் போன ஆட்களுக்குக் கணக்கு வேறு. கல்வி லீவென்றால் ஒப்பந்தம், பிணைமுறி எல்லாம் எழுதியிருப்பீர். இடையில் விட்டுவிட்டு வந்தால் உமக்காகக் கையெழுத்து வைத்த பிணையாளிகளுக்குத்தான் முதல் கடிதம் போகும். நான் ஒரு தடவை ஒரு பொடியனுக்குப் பிணை நின்று பட்டபாடு இருக்கிறதே, அதை எழுத ஒரு கொப்பி வேண்டும். ஆகையால் கிறுகி வருகிற யோசனையை முதலில் விடும்.

வாழைச்சேனை அக்கா:
யூரோ என்றும் பதிவு என்றும் சொல்கிறபடியால் ஜேர்மனிதான் என்று நினைக்கிறேன். நான் 1990 இல் வந்தவள். அப்போது ஊர் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். இங்கே அகதி முகாமில் இருந்த காலத்தில் அந்த மாவட்ட எல்லையைத் தாண்டவே அனுமதி வேண்டும். அடுத்த ஊரில் இருந்த சொந்த அண்ணனைப் பார்க்கக் கடிதம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஹம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் 2002 இல் எழும்பியபோது, இனி இதுவும் ஊர்தான் என்று அழுதேன். சரி பிள்ளை, வழி சுலபம். தெரிந்த ஆட்கள் யாருடைய விலாசத்திலாவது பதிந்துவிடுங்கள். என் தம்பி வீடு இருக்கிறது, கேட்டுத் தருகிறேன்.

அக்கரைப்பற்று நானா:
அக்கா நல்ல மனதோடு சொல்கிறா, ஆனால் அதைச் செய்ய வேண்டாம் தங்கச்சி. உண்மையில் குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக விலாசம் கொடுப்பது அங்கே குற்றம். கொடுத்தவருக்கு 50,000 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். உதவி செய்யப் போய் அக்காவின் தம்பி மாட்டிக்கொள்வார்.

வாழைச்சேனை அக்கா:
நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தோம் தம்பி. இப்போது சட்டம் இறுகிவிட்டதென்றால் விட்டுவிடுவோம். பிள்ளை, சாப்பிட்டீங்களா? அதைச் சொல்லுங்கள் முதல்.

கல்லடிப் பாலம்:
வீட்டுக்காரர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தான். நம்மட ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. எனக்கு வைப்புப் பணம் திருப்பித் தராமல் விட்டவர் நம்ம ஊர்க்காரர். இன்றைக்கும் கோயிலில் கண்டால் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்.

திருக்கோவில் மாமா:
எனக்குள்ள கவலை வேறு. படித்த உத்தியோகத்தர் எல்லாரும் போய்விட்டால் இங்கே பிரதேச செயலகத்தில் யார் இருப்பது? 1992 இல் 58 ஆம் இலக்கச் சட்டம் வந்து கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்தின் அதிகாரங்கள் பிரதேச செயலாளர்களுக்கு இறங்கிய காலத்தில் நான் சேவையில் இருந்தவன். அலுமாரி அலுமாரியாகக் கோப்புகளை லொறியில் ஏற்றினோம். மட்டக்களப்பில் 14 பிரிவு, அம்பாறையில் 20 பிரிவு. ஒவ்வொன்றுக்கும் வேலை தெரிந்த ஆள் தேவை. போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள்?

அக்கரைப்பற்று நானா:
மாமா, திரும்பி வருவேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளையிடம் இதைக் கேட்கலாமா? போகிற ஆட்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. இருக்கிற ஆட்களுக்கு இடமாற்றமும் பதவி உயர்வும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். என் தம்பியும் அதனால்தான் போனான்.

களுதாவளைப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. விபரம் சொல்லாமல் விட்டது என் பிழை. நாடு ஜேர்மனிதான், தெற்கே ஒரு சிறிய நகரம். சம்பளத்தோடு கல்வி லீவில் வந்திருக்கிறேன், பிணைமுறியும் எழுதியிருக்கிறேன். இங்கே வேலை ஒப்பந்தம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை மட்டும். வீட்டுச் சொந்தக்காரரை நான் பார்த்ததே இல்லை. வாடகைக்கு இருக்கும் இன்னொரு ஆராய்ச்சி மாணவர்தான் தன் வீட்டில் ஒரு அறையை எனக்குத் தந்தார். கடிதம் தர மறுப்பதும் அவர்தான். மாமா, நான் ஆராய்ச்சி செய்யப் போவது நம்ம மாவட்டத்தின் வெள்ள நிவாரணத்தைப் பற்றி. ஜீ.எஸ். எனும் கிராம சேவகர் எழுதும் குடும்பப் பட்டியல் பிரதேச செயலகத்துக்கு வந்து அங்கிருந்து கச்சேரிக்குப் போகும் வழியில் எங்கே தாமதிக்கிறது, யாருடைய பெயர் விடுபடுகிறது என்று பார்க்கப் போகிறேன். முடித்துவிட்டு ஊருக்குத்தான் வருவேன். அக்கா, பாணும் முட்டையும் சாப்பிட்டேன்.

வந்தாறுமூலை:
இப்போதுதான் விஷயம் விளங்குகிறது. நானும் இதே துறையில் அங்கே மூன்று வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன்.

அறை தந்தவர் பிரதான வாடகைக்காரர் என்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் அவரேதான். வீட்டுச் சொந்தக்காரரைத் தேட வேண்டாம். அந்தப் படிவத்தின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். நகரசபையின் இணையத்தளத்தில் இருக்கும். விலாசம், குடிவந்த திகதி, உங்கள் பெயர் எல்லாம் நீங்களே நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் நீட்டுங்கள். சொந்தக்காரரைக் கேட்காமல் அறை தந்திருப்பார், அந்தப் பயத்தில் மறுக்கிறார் என்று நினைக்கிறேன். கோபப்படாமல் இருத்திக் கதையுங்கள். கடிதம் தருவது அவருடைய சட்டக் கடமை, மறுத்தால் 1000 யூரோ வரை தண்டம். அப்படியும் மறுத்தால் அதைப் பதிவு அலுவலகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டியது உங்கள் கடமை. குடிவந்து இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பதால் இன்றைக்கே நேரம் எடுங்கள், எடுத்ததற்கு வரும் மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வங்கி விஷயத்தில் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படி அங்கே தங்கியிருக்கும் எவருக்கும் பாசிஸ்கொன்டோ என்ற அடிப்படைக் கணக்குத் திறக்க 2016 இலிருந்து உரிமை இருக்கிறது. நிலையான விலாசம் இல்லாதவருக்கும் திறக்க வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். திங்கட்கிழமை உங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர் பிரிவுக்கும் போங்கள். கையில் 340 யூரோ என்பதை வெட்கப்படாமல் சொல்லி, முற்பணமோ விருந்தினர் அறையோ கிடைக்குமா என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்காமல் ஐந்து வாரம் கடனில் வாழ்ந்தேன். கேட்டிருந்தால் முதல் கிழமையே தந்திருப்பார்கள் என்று பிறகு தெரிய வந்தது.

காப்புறுதியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். வேலை ஒப்பந்தம் இருந்தால் சம்பளத்தோடு அரச மருத்துவக் காப்புறுதியில் சேர்ந்துவிடுவார்கள். உதவித்தொகைக்கு அப்படி இல்லை, நீங்களே எடுக்க வேண்டும். வீசாவுக்காக வாங்கிய பயணக் காப்புறுதி எந்தத் திகதியில் முடிகிறது என்று இன்றிரவு பாருங்கள். வீசாவின் கடைசித் திகதியையும் பாருங்கள். அதற்கு முன்னர் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை நீங்கள் இருப்பது சட்டப்படிதான். அதற்கு ஒரு இடைக்காலப் பத்திரம் தருவார்கள். ஆபத்து என்றால் 112. அலுவலக நேரம் தவிர்ந்த வேளையில் வைத்தியர் தேவைப்பட்டால் 116117.

ஆராய்ச்சிக்கும் ஒன்று. நிவாரணப் பட்டியல்களைப் பார்க்க மாவட்டச் செயலகத்தில் எழுத்து மூல அனுமதி இப்போதே கேளுங்கள். மக்களின் பெயர் உள்ள பதிவு என்பதால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அந்தக் கடிதத்தைக் கேட்கும்.

திருக்கோவில் மாமா:
பிள்ளை, நான் கதைத்ததை மனதில் வைக்காதேயும். 2011 வெள்ளத்தில் எங்கள் பக்கத்து ஜீ.எஸ். பட்டியலை சீ.ஆர். கொப்பியில் பென்சிலால் எழுதினார். மழையில் பேனை மை கரையும் என்று அவருக்குத் தெரியும். அப்படியான ஆட்களோடு கதைக்க வேண்டும் என்றால் சொல்லும், நான் கேட்டுத் தருகிறேன்.

வாழைச்சேனை அக்கா:
ஒன்று விட்டுப்போயிற்று. தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா பிள்ளை? இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். வங்கியின் இரகசிய இலக்கம், வரி இலக்கம் எல்லாம் தபாலில்தான் வரும். கடவுச்சீட்டில் உள்ள முழுப் பெயரையும் எழுதுங்கள். நமக்கு அப்பாவின் பெயர் ஒரு பக்கம், சொந்தப் பெயர் ஒரு பக்கம், அவர்கள் எதைக் குடும்பப் பெயராக எடுப்பார்கள் என்று தெரியாது. பதிந்த பிறகு வானொலிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் கட்டினால் போதும். அந்த மாணவர் கட்டுகிறார் என்றால் அவருடைய இலக்கத்தை எழுதி அனுப்புங்கள்.

களுதாவளைப் பிள்ளை:
பெட்டியில் அவருடைய பெயர் மட்டும்தான் இருந்தது. இப்போதுதான் கீழே இறங்கிப் போய் என் பெயரையும் எழுதி ஒட்டினேன், இரண்டு வரி வந்தது. படிவத்தை நிரப்பிக் குசினி மேசையில் வைத்திருக்கிறேன், அவர் நாளைப் பின்னேரம் வருவார். பயணக் காப்புறுதி அடுத்த மாதம் 9 ஆம் திகதி முடிகிறது, நல்லவேளை பார்த்தேன். திங்கள் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.