வரைபடத்தில் விடுபடும் வீடுகள்: களப்பணி அனுபவமுள்ளோரின் உதவி தேவை

ஊரகச் சமூகவியலில் முனைவர் பட்டம் முடித்து, குடிநீர்த் திட்டமொன்றின் பயன் யாரைச் சென்றடைகிறது என்பதை ஆய்ந்து வருகிறேன். 1990களில் வளர்ச்சித் துறை ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோர் பரவலாக்கிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறைப்படி, ஊர்மக்களையே தரையில் சமூக வரைபடம் (ஊரின் வீடுகளையும் வசதிகளையும் காட்டும் படம்) வரையச் சொன்னால், வரையும் குச்சி நிலவுடைமையாளர் கைக்கே போய்விடுகிறது. கடைசிக் குழாய்க்கு அப்பாலுள்ள நிலமற்றோர் வீடுகள் விடுபடுகின்றன.

ஊரைக் குறுக்காக நடந்து பார்த்தேன், வீட்டுப் பட்டியலோடு ஒப்பிட்டேன், பெண்களுக்குத் தனிக்கூட்டமும் வைத்தேன். பட்டியல் விடுபட்டவர்களைக் காட்டியது. தனிக்கூட்டத்திலோ, தலைவரின் உறவினர் வாசலில் வந்து நின்றதும் (இதற்கென்றே வருவார் போலும்) பொதுக்கூட்டத்தில் கேட்ட பதிலே திரும்ப வந்தது. தனி நேர்காணலில் மனம் திறந்தவர்கள் மிகச் சிலர். பெயரை மறைத்தாலும் சிறிய ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அறிக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படவிருக்கிறது.

சொன்னவர்களுக்குத் தீங்கு நேராதபடி, அவர்களுடைய கூற்றுகளை அறிக்கையில் எவ்வாறு பதிவு செய்வது?