ஒரே சாய லாட்டில் இரண்டு ஆர்டர்: பிராசஸ் வரைபடம் குழம்புகிறது, உதவுங்கள்

கேள்வி: வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஆர்டர் முதல் பேக்கிங் வரை பிபிஎம்என் 2.0-இல் (வேலை ஓட்டத்தை வரையும் குறியீட்டு முறை) ஒரே பிராசஸாக வரைந்திருக்கிறேன். 'துணி வந்தது' என்ற நிகழ்வு கிடைத்ததும் ஆர்டர் கட்டிங்குக்கு நகரும். ஆனால் ஒரு ஆர்டரின் துணி 3 லாட்டாக (ஒரே தடவையில் சாயம் போடும் துணித் தொகுதி) சாயப்பட்டறைக்குப் போகிறது. நிறம் ஒன்றென்றால் இரண்டு ஆர்டர் துணியையும் ஒரே லாட்டில் போட்டுவிடுகிறார்கள். நேற்று முதல் லாட் வந்ததுமே இரண்டு ஆர்டரும் கட்டிங்குக்குப் போய்விட்டன. அப்புறம் ஷேடு (நிறச் சாயல்) சரியில்லை என்று லாட்டைத் திருப்பி அனுப்பினால், ஒரு ஆர்டர் மட்டும்தான் பின்வாங்கியது. கேட்வே (பாதை பிரியும், சேரும் புள்ளி) சேர்த்துச் சேர்த்து வரைபடம் சிக்குப் பிடித்த நூல் மாதிரி ஆகிவிட்டது.

பதில் 1: லாட் பகுதியை மல்டி இன்ஸ்டன்ஸ் சப் பிராசஸாக்குங்கள் (லாட்டுக்கு ஒன்றாகப் பல தடவை ஓடும் உள்பிராசஸ்). மூன்றும் முடிந்தால்தான் வெளியே வரும்.

கேட்டவர்: செய்து பார்த்தேன். காத்திருக்கிறது, சரி. ஆனால் பொதுவான லாட் இரண்டு ஆர்டருக்குள்ளும் தனித்தனியாக உருவாகிறது. ஒரே துணிக்கு இரண்டு டிசி (துணியோடு போகும் டெலிவரி சலான்)!

பதில் 2: லாட்டை ஆர்டருக்குள் அடைத்தால் அப்படித்தான் ஆகும் நண்பரே. லாட்டுக்குத் தனி வாழ்க்கை உண்டு: அனுப்பியது, வந்தது, ஷேடு ஓகே அல்லது மறுசாயம். அதற்குத் தனி வரைபடம் போடுங்கள். ஆர்டரில் 'சாயம் முடிந்தது' என்று எழுதி வைக்கவே வேண்டாம். அதன் லாட்டுகள் எல்லாம் ஷேடு ஓகேயா என்று பார்த்துக் கணக்கிடுங்கள்.

ஒரு ஆர்டர் மட்டும் பின்வாங்கியதற்குக் காரணம் வேறு. பிபிஎம்என்-இல் மெசேஜ் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆர்டருக்கு மட்டுமே போகும். எல்லாருக்கும் போகும் சிக்னல் போட்டால் சம்பந்தமில்லாத ஆர்டர்களும் விழித்துக்கொள்ளும். ஆகவே லாட், ஆர்டர் இணைப்புக்கு ஒரு டேபிள் வைத்து, ரிஜெக்ட் ஆனதும் அதிலுள்ள ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனி மெசேஜ் அனுப்புங்கள். நிகழ்வுப் பதிவிலும் லாட் எண், இரண்டு ஆர்டர் எண் மூன்றையும் எழுதுங்கள். 2023-இல் வந்த ஓசிஇஎல் 2.0 பதிவு முறையிலும் ஒரு நிகழ்வைப் லாட், ஆர்டர் போன்ற பல பொருள்களோடு இணைக்கலாம்.

டைமர் வைத்திருந்தால் அதையும் பாருங்கள். ஜாப் ஒர்க்குக்கு (சாயம் போல வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) போன சரக்கு 1 வருடத்துக்குள் திரும்பவேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். அந்தக் கெடு டிசியோடு போவது, ஆர்டரோடு அல்ல.

கேட்டவர்: இணைப்பு டேபிள் போட்டதும் இரண்டு ஆர்டரும் ஒழுங்காக நின்றன, நன்றி அண்ணா. ஏற்கெனவே வெட்டிய பீஸ்களை என்ன செய்வது?

பதில் 2: அதற்கு அம்புக்குறி போடாதீர்கள். ஆர்டரை நிறுத்தி, மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) திரையில் காட்டுங்கள். அவரும் கட்டிங் மாஸ்டரும் பீஸைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யட்டும்.