பிச்சாவரம் சரணாலயமா? யாரு சொன்னது?

கெடிலக்கரை: "கோடியக்கரை, கழுவேலி, ஊசுட்டேரி, பிச்சாவரம்னு நம்ம கரையில எல்லா வகைச் சூழலுக்கும் சரணாலயம் இருக்கு"ன்னு சிதம்பரத்தான் நேத்து வேற இழையில அளந்து விட்டிருக்கார். பிச்சாவரம் எப்ப சரணாலயம் ஆச்சு? அது சிதம்பரம் பக்கத்துல உப்புத்தண்ணியில வளர்ற அலையாத்திக் காடு, சட்டப்படி காப்புக்காடு (வனத்துறை ஒதுக்கி வச்ச காடு). 2022ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேர்ந்துச்சு, அவ்வளவுதான். சரணாலயம் இல்ல.

சிதம்பரத்தான்: மரம் வெட்ட முடியாது, மாடு விட முடியாது. கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலயும் அலையாத்திக்கு முதல் வகைப் பாதுகாப்பு. இன்னும் என்ன வேணும், சாவியை உங்க இடுப்புல சொருகணுமா?

கெடிலக்கரை: சரணாலய எல்லையை மாத்தணும்னா 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி தேசிய வனவுயிர் வாரியம் வரைக்கும் போகணும். காப்புக்காட்டுக்கு அந்தப் படி இல்ல, 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு ஒப்புதலோட முடிஞ்சுது. ராம்சார்னு மார் தட்டாதீங்க. 2017 ஈரநில விதிகள் காட்டுச் சட்டத்துக்குள்ள வர்ற இடத்துக்குப் பொருந்தாதுன்னு அந்த விதியிலயே எழுதியிருக்கு.

ஊசுட்டேரி: எங்க புதுச்சேரி 2008லயே ஏரியைச் சரணாலயமா அறிவிச்சாச்சு. அதே ஏரியோட மறுகரைக்குத் தமிழ்நாடு 2014லதான் கண் முழிச்சுது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

கெடிலக்கரை: நல்லது, ஆனா அது மனுஷன் கட்டின ஏரி. கழுவேலி ஈரநிலம் 2021ல சரணாலயமா வந்தது, 5,000 ஹெக்டேருக்கு மேல. பரப்பு ஏறுச்சு, சரி. காசா, வீரை, உலக்கைப்பாலை மரமெல்லாம் நிக்கிற உலர் பசுமைமாறாக் காட்டுக்கு அதுல என்ன கிடைச்சுது? 2022 மாண்ட்ரியல் பல்லுயிர் உடன்பாட்டுல "2030க்குள்ள 30 சதவீதம் பரப்புக்குப் பாதுகாப்பு"ங்கறதை மட்டும் எல்லாரும் மனப்பாடம் பண்ணிட்டாங்க. சூழல் வகைகளுக்குப் பிரதிநிதித்துவம் இருக்கணும்னு அதே இலக்குல இருக்கறது கண்ணுல படாது.

எந்தக் காட்டு வகைக்கு எவ்வளவு சரணாலயம் கிடைச்சிருக்குன்னு கணக்கு போடத் தெரியலைன்னா கேளுங்க. காட்டு வகை வரைபடம் மேல சரணாலய எல்லையை வைக்கணும். ஒவ்வொரு வகையிலயும் மொத்தம் எவ்வளவு, உள்ள விழுறது எவ்வளவுன்னு தனித்தனியா எடுக்கணும். எல்லைக்குள்ள இருக்கிற ஊர், வயல், உப்பளத்தைக் கழிக்கணும். கழிக்காம விட்டா சதவீதம் பொய்யா ஏறும். இந்திய வன ஆய்வு நிறுவனம் 1 ஹெக்டேருக்குக் குறைஞ்ச துண்டைக் கணக்குல எடுக்காது, அதனால குட்டிக் குட்டி ஐயனார் கோயில் காடெல்லாம் காணாமப் போயிடும். 10 சதவீதம் கவிகை (மரத்தலை மூடற பரப்பு) இருந்தா தோப்பும் "காட்டுப் பரப்பு"தான். பண்ருட்டி முந்திரியும் தேவனாம்பட்டினம் சவுக்கும் பச்சையா தெரியும், புத்துப்பட்டுக் கோயில் காடும் பச்சையா தெரியும். வகை பிரிக்காம கூட்டினா மூணும் ஒண்ணு.

பலாச்சுளை: முந்திரியை எதுக்கு இழுக்கறீங்க? தானே புயல்ல விழுந்த தோப்பை மறுபடி தூக்கி நிறுத்தின ஊரு சார் இது.

கெடிலக்கரை: முந்திரியைக் குறை சொல்லல. அது காடு இல்லன்னேன்.

சிதம்பரத்தான்: கோடியக்கரையில உங்க உலக்கைப்பாலை மரம் 1967லேர்ந்து சரணாலயத்துக்குள்ளதானே நிக்குது? அதை ஏன் முழுங்கிட்டீங்க? பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டைப் பத்திப் பேச வந்துட்டு முந்திரி, சவுக்குன்னு ஓடறீங்க.

கெடிலக்கரை: கோடியக்கரை வெளிமானுக்காக வந்தது, பாலை அதோட ஒட்டிக்கிச்சு. அப்புறம், சுரபுன்னைக் காடா? படகுல போறவன் வாய்க்கால் ஓரத்தைப் பார்த்துச் சொல்றது. உள்ள முக்கால்வாசி வெண்கண்டல்ங்கற வேற அலையாத்தி மரம்.

சிதம்பரத்தான்: ஊரே சுரபுன்னைன்னுதான் சொல்லுது. அழிஞ்ச இடத்துல மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி மறுபடி காடாக்கினாங்களே, அது காப்புக்காட்டுல நடந்ததுதானே? வேலை நடக்கலையா?

கெடிலக்கரை: அது ஏன் அழிஞ்சுதாம்? காப்புக்காடா இருக்கறப்பவே கூப்பு விட்டு (பகுதி பகுதியா மரம் வெட்ட விட்டு) மொட்டையடிச்சாங்க. மரம் போன மண்ணு காய்ஞ்சு தொட்டி மாதிரி உள்வாங்குச்சு. கடல் ஓதத்துல ஏறின தண்ணி திரும்ப வடியல, வெயில்ல சுண்டி உப்பு ஏறி நாத்து கருகுச்சு. நடு வாய்க்காலும் கிளை வாய்க்காலும் வெட்டி ஓதம் வந்து போக வழி விட்ட பிறகுதான் கன்று பிடிச்சுது. அதுவும் தூர் வாரலைன்னா வண்டல் அடைச்சு பழைய கதிதான். மரத்தை வெட்டி அழிச்சதும் காப்புக்காட்டுலதான்னு நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க, நன்றி.

சிதம்பரத்தான்: அது பழைய காலம். இப்ப ராம்சார்.

கெடிலக்கரை: சரணாலயம் இல்ல.

ஊசுட்டேரி: தில்லை மரத்தை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க? அதுவும் அங்கதானே இருக்கு?

சிதம்பரத்தான்: ஏரிக்காரர் ஏரியைப் பார்க்கட்டும். தில்லை எங்க ஊர் மரம்.

கெடிலக்கரை: தில்லை அப்புறம். சரணாலயம்னு எழுதினதை முதல்ல திருத்துங்க.

சிதம்பரத்தான்: ராம்சார்னு பெரிய எழுத்துல சேர்த்து வேணா எழுதறேன்.