ஏணிப்பரணா, ஏணிக்கால் பரணா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் மரத்தில் சாய்த்து நிறுத்தி உட்காரும், ஏணியும் இருக்கையும் சேர்ந்த 'லேடர் ஸ்டாண்ட்' என்ற பொருளுக்குத் தமிழ்ச்சொல் கேட்டு இந்த இழையைத் தொடங்கிவைத்தவன் நான்தான். கேரள எல்லையில் இருக்கும் எங்கள் மறையூரில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் போவது மின்சாரம், அதன் பின்னாலேயே இணையம். மூன்று நாள் கழித்துத் திறந்தால் இத்தனை மடல்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சிலர் நான் போட்ட படத்தைப் பார்க்காமலேயே சொல் படைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. 'ஏணி மர நிலையம்' என்று எழுதிய நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்ததும் உடுமலைப்பேட்டை பஸ் அங்கே எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கத் தோன்றியது. வட இந்திய வேட்டைக் கதைகளில் மரத்தின் மேல் கட்டும் பரணுக்கு வரும் 'மச்சான்' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் இன்னொருவர். தமிழில் அது நடக்காது ஐயா. 'இரவு முழுவதும் மச்சான் மேல் உட்கார்ந்திருந்தான்' என்று எழுதினால் கதை வேறு எங்கோ போய்விடும்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை, அமெரிக்காவில் வில்லால் வெண்வால் மான் வேட்டையாடும் ஒருவரைப் பற்றியது. அங்கே பல மாநிலங்களில் உரிமம் வாங்கிக்கொண்டு சட்டப்படி செய்வது அது. துப்பாக்கிக்கான பருவம் வருமுன்பே, செப்டம்பர், அக்டோபரில், வில்லுக்கான பருவம் தொடங்கிவிடும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் மேல் கை வைக்க முடியாது. சின்னார் சரணாலயத்தின் வாசலில் குடியிருந்துகொண்டு இதையெல்லாம் எழுதுவதில் எனக்கே சற்றுக் கூச்சம்தான். ஆனால் நாம் தேடுவது மானை அல்ல, சொல்லை.

வில்லுக்கு மான் 20, 30 கஜத்துக்குள் வந்தாக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்தால் மோப்பம் காட்டிக்கொடுத்துவிடும். அது தப்பினாலும் நாணை இழுக்கும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே 15 முதல் 20 அடி உயரத்தில் மரத்தோடு ஒட்டி உட்கார்கிறார்கள். அதற்கான இரும்பு ஏணி துண்டு துண்டாக வரும். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்டி, மரத்தில் சாய்க்க வேண்டும். இருக்கையும் கால் வைக்கும் தட்டும் அந்த ஏணியின் தலையிலேயே இணைந்திருக்கும். மேலே ஒரு பட்டை அடிமரத்தைச் சுற்றி இறுக்கும். ஏணியின் நடுவிலிருந்து ஒரு கம்பி மரத்துக்குப் போய் ஆட்டத்தைத் தடுக்கும். தூக்கி நிறுத்த இரண்டு, மூன்று ஆட்கள் வேண்டும். நிறுத்தியபின் அந்தப் பருவம் முழுவதும் அதே இடத்தில்தான்.

இதற்குப் 'பரண்' என்ற சொல்லே அடிப்படையாக இருக்க வேண்டும் என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறீர்கள். பரண் என்றால் பழைய அண்டா போட்டுவைக்கும் இடம்தானே என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். எங்கள் பக்கம் வந்தால் அந்த ஐயம் தீரும். காட்டுப்பன்றியும் யானையும் இறங்கும் காந்தல்லூர்ச் சரிவில் பரண் என்றால் காவல்தான். தினைப்புனம் காக்கும் பரணுக்கான சங்கச் சொல்லான 'இதணம்' என்பதை முன்மொழிந்த பேராசிரியர் ஐயாவின் சான்று வலுவானது: குறிஞ்சிப்பாட்டில் சேணோன், அதாவது உயரத்திலிருந்து புனம் காப்பவன், இழைத்த புலியஞ்சு இதணம் மரத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே தலைவி கிளி ஓட்ட, ஓசை எழுப்ப ஏறுகிறாள். நம் வேட்டைக்காரரோ மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக்கூடாதென்று ஏறுகிறார். தவிர, இதணம் என்று எழுதினால் பக்கத்துக்கொரு அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். 'பரண் கட்டி உட்கார்ந்தான்' என்றால் வேட்டையும் விளங்கும், காவலும் விளங்கும்.

இனி என் பிடிவாதத்துக்கு வருகிறேன். ஏணிப்பரண் என்பது போதாது. ஏன் போதாது என்பதற்கு என் அப்பா போட்ட பரணைக் காட்ட வேண்டும். நான்கு யூக்கலிப்டஸ் கம்புகள், மேலே பிளந்த மூங்கில் பரப்பு, அதன் மேல் வைக்கோல். மூலையில் ஒரு மண்ணெண்ணெய் டின். உள்ளே தொங்கும் கல்லிலிருந்து கயிறு அப்பாவின் கால் கட்டைவிரலுக்கு வரும். தூக்கத்தில் கால் அசைந்தாலும் டின் அடிக்கும்; பன்றிக்கு அது தெரியாதல்லவா! இருட்டியதும் அப்பா ஏறிக்கொண்டு, ஏணியை மேலே இழுத்துப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வார். பரண் அசையாது.

அந்த அமெரிக்கப் பொருளில் ஏணியை எடுத்துப் பாருங்கள். ஆளும் இருக்கையும் ஒன்றாகத் தரைக்கு வந்துவிடும். அங்கே ஏணி ஏறுவதற்கு மட்டும் இல்லை, பரணுக்குக் காலே அதுதான். ஏணி வைத்து ஏறாத பரண் எங்கே இருக்கிறது? ஆகவே 'ஏணிப்பரண்' எல்லாப் பரணுக்கும் பொருந்தி, இதை மட்டும் தனித்துக் காட்டாமல் போகிறது. 'ஏணிக்கால் பரண்' என்றால் பொருளின் கட்டமைப்பே சொல்லில் வந்துவிடுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் அங்கே உள்ள மற்ற இரண்டு வகை வேட்டைப் பரண்களுக்கும் வழி திறக்கிறது. ஒன்று, சங்கிலியாலோ பட்டையாலோ மரத்தில் மாட்டிவிடும் சிறு தட்டு, அது தொங்குபரண். அதற்கு ஏற, ஒற்றைத் தண்டில் இடமும் வலமுமாகப் படி வைத்த குச்சிகளை மரத்தோடு கட்டுகிறார்கள். இதற்குப் புதுச்சொல் தேடி நான்கு பேர் மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். மூங்கிலின் கணுக்கிளைகளைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, தேன் எடுப்பவர்கள் ஏறும் ஒற்றைக்கால் ஏணியைப் பார்த்ததில்லையா? அதன் பெயர் கண்ணேணி. 'மால்பு' என்ற சங்கச் சொல்லுக்கு உரைகாரர்கள் சொல்லும் பொருளும் அதுவே. மூங்கில் போய் அலுமினியம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஆளோடு சேர்ந்து தானும் மரம் ஏறும் வகை. இரண்டு சட்டங்கள் அடிமரத்தைக் கவ்விக்கொள்ளும். மேல் சட்டத்தில் எடையைப் போட்டுக் கீழ்ச் சட்டத்தைக் காலால் தூக்க வேண்டும், பிறகு கீழே நின்று மேலதைத் தூக்க வேண்டும். கேரளத்தில் தென்னை ஏறும் கருவியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பனையேறிகள் காலில் மாட்டும் தளையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. தளைப்பரண் என்று வைத்தால் என்ன? 'ஏறுபரண்' என்று வைக்கலாம் என்றவர்களுக்கு ஒரு சங்கடம்: இங்கே மலையாளத்தில் ஏறுமாடம் என்றால் மரத்தின் மேல் கட்டிய குடில். எல்லையில் இருப்பவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான்.

இடுப்பும் தொடையும் தோளும் சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வாருக்குச் 'சேணம்' வேண்டவே வேண்டாம். சேணோன் மேல் உள்ள ஆசையில் வேட்டைக்காரரைக் குதிரையாக்கிவிடாதீர்கள். உடற்கச்சை போதும்.

மறையூரிலிருந்து

---

வணக்கம் தம்பி.

உன் அப்பாவின் கட்டைவிரல் கயிற்றைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாமா கடலைக்காட்டில் இதே வித்தையைச் செய்வார். கயிறு மட்டும் பக்கத்தில் படுத்திருக்கும் பையனின் காலில்.

உன் வாதம் சரி, சொல் நீளம். வேலை செய்கிறவன் வாயில் 'கால்' உதிர்ந்து ஏணிப்பரணாகத்தான் மிஞ்சும். நாற்காலி, முக்காலி இருக்கும்போது 'ஏணிக்காலி' என்று சுருக்கினால் என்ன? தளைப்பரணும் கண்ணேணியும் எனக்குப் பிடித்திருக்கின்றன. உடற்கச்சையில் மட்டும் ஒரு கேள்வி: ஏறும்போதே அதை ஒரு கயிற்றில் கோத்துக்கொள்ள வேண்டுமே, அந்தக் கயிற்றுக்கு என்ன சொல்?

---

அக்கா,

ஏணிக்காலி அழகாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். வாசகர் அதை வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். வாயில் 'கால்' உதிர்வது உதிரட்டும். சொல் அட்டவணையில் ஏணிக்கால் பரண் என்று இருக்கட்டும், கட்டுரையில் முதல் முறை முழுச்சொல்லும் பிறகு வெறும் பரணும் எழுதுகிறேன்.

கயிற்றைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. நான் அதை விட்டுவிட்டேன். பரணுக்கு மேலே மரத்தில் கட்டி அடிவரை தொங்கவிடுவது அது. அதில் ஒரு முடிச்சு. கையால் தள்ளினால் நகரும், ஆள் சறுக்கினால் இறுகிக்கொள்ளும். அப்பா காலத்தில் இது இருந்திருந்தால் அவருக்கு இடுப்பு வலி வந்திருக்காது. உயிர்க்கயிறு என்று எழுதிவைத்திருக்கிறேன். வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக்கூடாது, மேலே போய் உட்கார்ந்தபின் இன்னொரு கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், அது தூக்குக்கயிறு. இல்லை, அந்தச் சொல் ஆகாது! இழுகயிறு.

இன்று முடித்த வரி இப்படி இருக்கிறது, குறை இருந்தால் சொல்லுங்கள்: 'விடியுமுன் ஏணிக்கால் பரணின் அடிக்கு வந்தார், பட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தார், உடற்கச்சையை உயிர்க்கயிற்றில் கோத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.'

இருக்கைக்கு முன்னால் குறுக்கே வரும் கம்பிக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. துப்பாக்கிக்காரர் அதில் கையை ஊன்றுவார். வில்காரருக்கு அது வில்லின் கீழ்ப்பாதியில் இடிக்கும் என்பதால் மடக்கிவைப்பார் அல்லது கழற்றிவிடுவார். கைதாங்கி என்றால் ஒருவருக்குப் பொருந்துகிறது, மற்றவருக்குப் பொருந்தவில்லை. குப்பத்து நண்பர் தெலுங்கில் வயல் பரணுக்கு 'மஞ்செ' என்று எழுதியிருந்தாரே, அவர் பக்கத்தில் பரணின் முன் குறுக்குக்கழிக்குத் தனிப்பெயர் உண்டா என்று கேட்டுச் சொல்ல முடியுமா?